கோட்டுக்குள் வைத்துத் தைத்தது

சரிதா என்ன படிக்கப் போகிறாள் என்பதை எஸ்டேட் வரிசைவீடுகளான லயத்துச் சனங்களுக்கு விளங்கவைக்க விஜயா பட்ட பாடு கொஞ்சமல்ல. டாக்டருக்கு என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். டீச்சருக்கு என்றாலும் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இந்தப் படிப்புக்கு லயத்தில் யாருக்கும் தெரிந்த பேர் கிடையாது. மகள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் பேரோ விஜயாவின் வாயில் பாதி தூரம் வந்து நின்றுகொண்டது. கடைசியில் அவளாகவே ஒரு விளக்கத்தை உண்டாக்கினாள். மலைத் தண்ணீர் தகரத்தில் வழிந்து விழும் பீலியில் குடத்தை வைத்துவிட்டு அதைச் சொல்லிப் பார்த்தாள்.

"காட்டுல கெடக்கிற சீவனுங்களப் புடிச்சு எந்தெந்த நாட்டுக்கு யாரு யாரு விக்கிறாங்கன்னு படிக்கிறதாம். படிச்சிட்டு வந்து அத நிப்பாட்டுறதாம்."

"அதுக்கு எதுக்கு விஜயாக்கா லண்டனுக்குப் போகணும்? நம்ம பாலகுமாரக் கேட்டா இந்த எடத்துலயே சொல்லிப்புடுவானே" என்றாள் ஒருத்தி.

பெண்கள் சிரித்தார்கள். பாலகுமாரின் தாய் ஆண்டாயி மட்டும் சிரிக்கவில்லை. பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்துவிட்டாள். விஜயாவுக்குச் சங்கடமாகப் போயிற்று. பெருமை பேச வந்த இடத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரியின் புண்ணைக் கிளறியாகிவிட்டது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்றார்கள். ஒரு ரஷ்யாக்காரனைக்கூடக் கண்ணால் பார்த்திராத விஜயா அவனைத் தினமும் காலையில் திட்டிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். சொந்தத் தோட்டம் வைத்திருந்த படுகர் ஊர்க்காரர்கள், பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று செடியை மரமாக வளர விட்டுவிட்டார்கள். கீழ் கோத்தகிரிச் சரிவில் விஜயா வேலை செய்த எஸ்டேட்டில் பாக்டரிக்குப் பூட்டுப் போட்டு, வாரத்தில் பாதி நாள்தான் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டார்கள். வாலிபத்திலிருந்து பாக்டரியில் கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன் பொன்னுத்துரை. தேயிலைக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக் மரங்களை முதலாளி வெட்டி விற்கத் தொடங்கியதும், அவர் அந்தக் கட்டைகளை லாரியில் ஏற்றப் போனார். "நெழலை வித்துப்புட்டு நாளைக்கு வெயிலுக்கு என்னாத்தக் குடுப்பாரு?" என்று கேட்டுக்கொண்டே ஏற்றினார். வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்பதெல்லாம் கட்டைகளிடம்தான்.

அந்தச் சமயத்தில்தான் கீழேயிருந்து வந்த ஒரு வியாபாரியின் ஆள், லயம் லயமாக ஏறி இறங்கி அழுங்கு ஓடு கேட்டான். அழுங்கு ஒரு சாதுப் பிராணி. உடம்பெல்லாம் ஓடு போர்த்தியிருக்கும். கறையான் புற்றைக் கிளறித் தின்னும். ஆளைக் கண்டால் ஓடத் தெரியாமல் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதன் ஓடு எந்தத் தேசத்துக்குப் போகிறது, அங்கே எந்த மருந்துக்கு ஆகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பாலகுமாருக்கு வீட்டில் அரிசி வெந்தால் போதுமாக இருந்தது; காட்டில் அழுங்கு பிடித்துக் கொடுத்தான். பாரஸ்ட்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோயம்புத்தூர் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவன், லயத்தில் யாரிடமும் முகம் காட்டாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

அவன் பிடிபட்ட அதே மாதம் சரிதாவும் லயம் லயமாக ஏறி இறங்கினாள் என்பதுதான் வினை. கோயம்புத்தூர்க் காலேஜில் விலங்கியல் முடித்திருந்தாள். தனக்குப் பாடம் எடுத்த ஜெஸிந்தா மேடத்தோடு சேர்ந்து ஓடு வியாபாரத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டில் பழைய ஓடு இருந்தாலும் கொடுத்துவிடுங்கள், பேர் கேட்க மாட்டோம் என்று கெஞ்சினாள். சொன்னபடி பேர் கேட்கவில்லை. இருந்தாலும் பாலகுமாரைக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான் என்று லயத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். ஆண்டாயி நம்பினாளா என்று தெரியாது. விஜயாவோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

விஜயாவின் குடும்பத்தைப் போலச் சிலோன் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களில் ஒரு ஓடு இருப்பது அதிசயமில்லை. பிறந்த குழந்தை தூக்கத்தில் பயந்து அலறினால், ஓட்டில் துளைபோட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்து அரைஞாணில் கட்டுவார்கள். சுருண்டுகொண்ட அழுங்கைச் சிறுத்தையாலும் பிரிக்க முடியாது. அந்தத் தைரியம் பிள்ளைக்கும் வரும் என்பது கணக்கு. சரிதா தன் வீட்டிலும் கேட்டாள்.

"நம்மகிட்டயும் ஒண்ணு இருந்திச்சேம்மா. எனக்குக் கட்டியிருந்தியே?"

"அது நீ நடை பழகுனப்பவே எங்கயோ அவுந்து விழுந்திருச்சு புள்ள" என்றாள் விஜயா, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. ரொட்டி கருகியது. மகள் அதைக் கவனிக்கவில்லை. ஊரெல்லாம் துருவித் துருவிக் கேட்டவள் அம்மா சொன்னதை அப்படியே நம்பினாள்.

ஓடு கடுகு டப்பாவுக்கு அடியில் மஞ்சள் துணியில் இருந்தது.

உதவித்தொகை கிடைத்து, விசா வந்து, புறப்பட ஒருநாள் இருக்கையில் விஜயா அதை வெளியே எடுத்தாள். சரிதா சிநேகிதிகளிடம் சொல்லிக்கொள்ளக் கோத்தகிரிக்குப் போயிருந்தாள். வெளியே மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. கோத்தகிரிச் சந்தையில் பொன்னுத்துரை வாங்கிவந்த பழைய கம்பளிக் கோட்டு கட்டிலில் கிடந்தது. எந்த நாட்டுக் குளிரிலோ உழைத்துவிட்டு வந்த கோட்டு, மறுபடியும் குளிர் நாட்டுக்கே போகப்போகிறது. மஞ்சள் துணியைப் பிரித்து, ஓட்டை எடுத்து, வலது கண்ணில் ஒற்றி, இடது கண்ணில் ஒற்றினாள். எப்போது எடுத்தாலும் அப்படித்தான். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் எடுப்பாள். விளக்கைத் தொட்டால் கும்பிடுகிற மாதிரி, கை தானாகப் போகும்.

கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கைத் தைக்கிற தடித்த ஊசியை எடுத்து, கோட்டின் காலரைப் பிரித்தாள். கறுப்புக் கயிற்றோடு ஓட்டை உள்ளே படுக்கவைத்துத் தைத்து மூடினாள்.

கஸ்டம்ஸ் நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. வந்தது. அதனால்தான் தைரியமாகத் தைத்தாள். அவள் சிறுபிள்ளையாகப் பதுளையிலிருந்து ரயில் கோச்சியேறித் தலைமன்னாருக்கு வந்து, கப்பலுக்குக் காத்து நின்றபோது, கஸ்டம்ஸ்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் காதிலிருந்த தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். பித்தளைக் குத்துவிளக்கை ஓரமாக எடுத்துவைத்துவிட்டார்கள். அப்பா கும்பிட்டுப் பார்த்தும் கொடுக்கவில்லை. பிறகு ஒரு சிங்கள ஆபீசர் விஜயாவின் கவுனைக் கொஞ்சம் தூக்கி அரைஞாணைப் பார்த்தார். அவர் ஓட்டைத் தொட்டு, "கபல்லேவா" என்று அழுங்கின் சிங்களப் பேரைச் சொல்லிச் சிரித்து, கவுனை இறக்கிவிட்டு, அவள் கன்னத்தில் தட்டினார். தங்கத்தை எடுத்துக்கொண்டவர்கள் ஓட்டை விட்டுவிட்டார்கள். கடல் கொந்தளித்து ஆளாளுக்கு வாந்தியெடுத்தபோதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கஸ்டம்ஸ் என்றால் நகையைத்தான் பார்ப்பார்கள் என்று விஜயாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. மகளின் காதில் கிடந்த ஒரு பொட்டுத் தங்கத்தைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாள். ஓட்டை அனுப்பினாள்.

மேட்டுப்பாளையம்வரை பொன்னுத்துரை கூடப் போனார். அங்கிருந்து ஜெஸிந்தா மேடம் சென்னைக்குக் கூட்டிப்போனார். பஸ் ஏறும்போது சரிதா கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இங்கயே என்னா குளிரு அடிக்குதுன்னு இதப் போட்டுக்கிட்டுப் போகச் சொல்ற? பெட்டியில வச்சிரலாமே" என்றாள்.

"பெட்டி எங்கயாவது போயிரும். இது ஒம்மேலயே இருக்கணும். கழட்டாத."

"தூங்கும்போதுமா?"

"தூங்கும்போதுந்தான்."

சரிதா சிரித்தாள். அம்மாவின் அழும்புக்கு விட்டுக்கொடுக்கிற சிரிப்பு.

போன் பண்ணுகிற இடம் பரமசிவனின் மளிகைக் கடை. மறுநாள் மத்தியானம் விஜயா அங்கே மகளின் குரலைக் கேட்டாள். ஏர்போர்ட்டுக்கு உள்ளே போகப் போகிறேன், லண்டனில் இறங்கி நாளைக்குப் பேசுகிறேன் என்றாள். விஜயா வீட்டுக்கு வந்து தேங்காய்ச் சம்பல் அரைத்து ரொட்டி சுட்டாள். புருஷனுக்கு இரண்டு அதிகமாகப் போட்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் பரமசிவனே குடையோடு வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, பாப்பா மறுக்கா போன் போட்டுச்சுங்க. அஞ்சு நிமிசத்துல திருப்பிக் கூப்புடறேன்னுச்சு. வெரசா வாங்க."

இன்னும் பிளேன் ஏறவில்லையா என்று பொன்னுத்துரை கேட்டார். பரமசிவன் முன்னால் நடந்தார்.

"அம்மா, கோட்டுக் காலருக்குள்ள என்னா வச்சித் தச்ச?"

விஜயாவுக்குச் சிரிப்பு வந்தது. "கண்டுபுடிச்சிட்டியா? தொட்டுத் தொட்டுப் பாக்காத புள்ள. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அந்தப் பக்கம் யாரோ இங்கிலீஷில் பேசுவது கேட்டது.

"நம்ம ஓடாம்மா அது?"

"நீ கட்டிக்கிட்டுக் கெடந்ததுதான். நான் கட்டிக்கிட்டுக் கப்பல்ல வந்தது. நீ வேணாம்பேன்னுதான் சொல்லல்ல."

"என்னைய உள்ள விடல்லம்மா. சோதனை பண்ற பொம்பள தடவிப் பாத்துட்டு, காலரக் கிழிச்சிட்டாங்க. இங்க ஒரு ரூம்ல ஒக்கார வச்சிருக்காங்க."

"எதுக்கு? அது தங்கமா, வெள்ளியா?"

"அழுங்கு ஓடும்மா. தங்கத்துக்காவது வரி கட்டலாம்."

பரமசிவன் மிட்டாய் பாட்டில்களைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றார்.

"அவங்களுக்கு அது என்னான்னே தெரியல்ல" என்றாள் சரிதா. "மாட்டுக் கொம்பான்னுதான் கேட்டாங்க. நான்தான் சொன்னேன், இன்னதுன்னு."

"ஏன்டி சொன்ன? மாட்டுக் கொம்புன்னு சொல்லியிருக்கலாமே. அவங்களே எடுத்துக் குடுத்திருக்காங்களே."

"இதத்தானேம்மா படிக்கப் போறேன். இதையே மாத்திச் சொல்லிட்டு அங்க போயி நான் என்னாத்தப் படிப்பேன்?"

விஜயா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். "நான் வர்றேன். நான்தான் வச்சேன்னு சொல்றேன்" என்றாள்.

"சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. நானே வச்சித் தச்சதாச் சொல்லியிருக்கேன்."

லைன் அறுந்தது. வெளியே வந்தபோது பொன்னுத்துரை, "என்னாவாம்?" என்றார். விஜயா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்கு வந்து கோடாலியை எடுத்து, ஏற்கெனவே பிளந்து அடுக்கியிருந்த விறகை மறுபடியும் பிளந்தார். விரல் தடிமன் வந்த பிறகும் நிறுத்தவில்லை. திட்டியிருந்தால் விஜயாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

விஷயம் காலைக்குள் லயம் முழுக்கப் போய்விட்டது. ஊரார் ஓட்டையெல்லாம் பிடுங்கியவள் தன் ஓட்டைக் கோட்டில் தைத்துக்கொண்டு போனாள் என்று பேச்சு. விஜயா பீலிக்குப் போகவில்லை. மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. ஆண்டாயி ஒரு தட்டில் ரொட்டியும் மேலே சம்பலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒன் வாசல மிதிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள். "சாப்புடு மொதல்ல."

"எறங்கல்லக்கா."

"எனக்கும்தான் அப்ப எறங்கல்ல. அதுக்குன்னு சாப்புடாம இருந்தா அவனுங்க விட்டுருவானுங்களா? இந்தா." ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள். "ஜெயில்ல பாக்கப் போறதா இருந்தா சோப்பு கொண்டு போ. கட்டி சோப்பு. பிஸ்கட்டப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவானுங்க, அதனால சின்ன பாக்கெட்டா வாங்கு. நான் எண்ணெய் கொண்டு போயி வாசல்ல வச்சிட்டு வந்தேன்."

"என் மக ஒன் மகனக் காட்டிக்குடுக்கல்லக்கா."

"தெரியும்."

"அப்புறம் ஏன் பேசல்ல?"

"யாரு மேலயாவது கோவப்படாம என்னா பண்றது?" என்றாள் ஆண்டாயி. தட்டை வைத்துவிட்டு, அடுப்பில் அவளே தேத்தண்ணி வைத்தாள்.

ஜெயிலுக்குச் சோப்பு கொண்டுபோக வேண்டிவரவில்லை. ஜெஸிந்தா மேடம் ஒரு வக்கீலைப் பிடித்து, கோர்ட்டில் ஜாமீன் வாங்கிவிட்டார். சரிதா வந்தாள். பாஸ்போர்ட்டும் கோட்டும் ஓடும் கோர்ட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டன. மகள் சண்டை போடுவாள் என்று விஜயா மூன்று வீடு தள்ளிக் கேட்கிற அளவுக்கு அழத் தயாராக இருந்தாள். சரிதா வந்ததும், "பசிக்குதும்மா" என்றாள். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சுருண்டு படுத்திருந்தவளைப் பார்த்துக்கொண்டு விஜயா அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சரிவில் மண் விழுந்து பஸ் வருவதும் நிற்பதுமாக இருந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சரிதா, பிரட்டில் பேர் கூப்பிடுகிற நாட்களில் அம்மாவோடு மலைக்கு வந்தாள். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு ஒரே நிரையில் பறித்தார்கள். அங்கே வைத்துத்தான் சரிதா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தக் காலேஜ்ல எனக்குச் சீட்ட அடுத்த வருசம்வரைக்கும் வச்சிருக்காங்க. உதவித்தொகையும் அப்புடித்தான். அதுக்குள்ள கேஸ் முடியணும்."

"முடியுமா?"

"முடியலாம்னு வக்கீல் சொல்றாரு. சின்ன வயசுல தேயிலைக்குள்ள கெடந்துச்சு, எடுத்தேன், ராசின்னு நானா வச்சித் தச்சேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ஒத்த ஓடு, வித்தது இல்ல, வாங்குனது இல்லன்னு பாரஸ்ட்ல எழுதிட்டா, அபராதத்தோட விட வழி இருக்காம். வீட்டுல வச்சிருந்தாங்கன்னு வந்துச்சுன்னா வேற மாதிரி. யாருகிட்ட வாங்குன, இன்னும் எத்தன இருக்கு, பாலகுமாருக்கும் ஒங்களுக்கும் என்னான்னு தோண்டுவாங்க. ஒன் பேரையும் சேப்பாங்க. வருசக்கணக்குல இழுக்கும்."

"நான் வச்சத நான் வச்சேன்னு சொன்னா ஒன்னைய விட்டுருவாங்கல்ல?"

"விடமாட்டாங்கம்மா. கோட்டு எம்மேல இருந்திச்சு. ஒனக்கும் சேத்துத்தான் கேஸ் வரும். அதுனாலதான் சொல்றேன். ஒன்னையக் கூப்புட்டு விசாரிப்பாங்க. நீ தெரியாதுன்னு மட்டும் சொல்லு."

விஜயா பறித்த கைப்பிடிக் கொழுந்தைக் கூடைக்குள் போட மறந்து நின்றாள். "மாட்டுக் கொம்புன்னு ஒரு பொய் சொல்ல முடியல்ல ஒனக்கு. இப்ப இம்மாம் பெரிய பொய்யச் சொல்ற."

"அது அந்த ஓட்டப் பத்துன பொய். இது ஒன்னையப் பத்துனது" என்றாள் சரிதா. செடியைக் கவ்வாத்து வெட்டியபோது விழுந்த ஒரு குச்சியை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்னாம்மா?"

"தேயிலைக் குச்சி."

"ஆபீசர் கேக்குறாங்கன்னு நெனச்சிக்க. இது என்னா?"

"தெரியாதுங்க."

"கீழ பாக்காத. மொகத்தப் பாத்துச் சொல்லு."

"தெரியாதுங்க. நான் கண்டதில்லீங்க."

அடுத்த நிரையில் பறித்துக்கொண்டிருந்த ஆண்டாயி, "இன்னும் கொஞ்சம் எரிச்சலாச் சொல்லு விஜயா. வேலையக் கெடுக்குறானுங்களேன்னு இருக்கணும்" என்றாள். மூவருக்கும் சிரிப்பு வந்தது. மழைக்குள் அப்படியொரு சிரிப்பு. அன்றிலிருந்து அடுப்படியில், பீலியில், படுக்கையில் எல்லாம் விஜயா அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகினாள். பொன்னுத்துரையும் ஒருநாள் திடீரென்று, "இது என்னா?" என்று கேட்டுவிட்டுத் தன் பீடிக்கட்டை நீட்டினார். "தெரியாதுங்க" என்றாள் விஜயா, கண் இமைக்காமல். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். இந்த விஷயத்தில் அவரால் முடிந்த உதவி அதுதான்.

கோத்தகிரி பாரஸ்ட் ஆபீசில் பெஞ்சு ஈரமாக இருந்தது. ரேஞ்சர் மயில்சாமி அன்னூர்ப் பக்கத்துக்காரர். சரிதாவுக்கு அவரை ஏற்கெனவே தெரியும். ஓடுகளைத் திரட்டிக்கொண்டுபோய் அவரிடம்தான் ஒப்படைத்தாள்.

"உக்காருங்கம்மா. நனைஞ்சுட்டீங்களாட்டம் இருக்குது" என்றார். "ஒண்ணும் பயப்படாதீங்க. சென்னையில இருந்து மேடம் வந்திருக்காங்க. கேக்கறதுக்குப் பதில் சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போலாம். பாப்பாவப் பத்தி நானும் சொல்லியிருக்கறனுங்க, நல்ல புள்ளைன்னு."

கேஸை விசாரிக்கச் சென்னையிலிருந்து வந்த ஆபீசரின் பேர் ஸ்ரீமதி. சரிதாவைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். கண்டிப்பான முகம் இல்லை. அதுவே விஜயாவுக்குப் பாதி பயத்தைப் போக்கியது. சரிதாவைத் தள்ளி ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். மேசையின்மேல் காலர் கிழிந்த கோட்டு மடித்துவைத்திருந்தது. சந்தையிலிருந்து வந்த நாளில்கூட அது அவ்வளவு பழசாகத் தெரியவில்லை.

"உங்க பொண்ணு இந்தக் கோட்டுல ஒண்ணு வச்சு தைச்சது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"வீட்டுல இந்த மாதிரி ஓடு எப்பவாவது இருந்துச்சா?"

"இல்லீங்க. நான் கண்டதில்லீங்க." விஜயா முகத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆண்டாயி சொன்ன எரிச்சலைக்கூடக் கொஞ்சம் சேர்த்தாள். ஓரக்கண்ணில் சரிதாவின் தோள் தளர்வது தெரிந்தது.

"நீங்க சிலோன்ல இருந்து வந்தவங்க. அங்க பழக்கம் உண்டுன்னு சொல்றாங்களே?"

"ஆளுங்க சொல்லுவாங்க. எங்க வீட்டுல இல்லீங்க."

ஸ்ரீமதி எழுதிக்கொண்டார். மயில்சாமி எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினார். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. "அவ்வளவுதானுங்க மேடம், இல்லீங்களா?" என்றார்.

"ஒரு தடவை பொருளைக் காட்டிடறேன். காட்டினதா எழுதணும்" என்றார் ஸ்ரீமதி. அவருக்கு அதில் ஒரு சூதும் இல்லை. முறைக்காகச் செய்வதுதான். அரக்கு வைத்த உறையைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்து, விஜயாவின் உள்ளங்கையில் வைத்தார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதை முன்னாடி பாத்திருக்கீங்களா?"

கறுப்புக் கயிறு அப்படியே இருந்தது. எத்தனையோ கைமாறியும் கயிற்றில் மஞ்சள் வாசம் போகவில்லை. "தெரியாதுங்க" என்று விஜயா சொன்னாள். தெளிவாகவே சொன்னாள். சொல்லும்போதே அவள் கை மேலே போனது. ஓட்டை வலது கண்ணில் ஒற்றினாள். இடது கண்ணில் ஒற்றினாள்.

இடது கண்ணைத் திறந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

தகரக் கூரையில் மழை அடித்தது. மயில்சாமி சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீமதி பேனாவை மூடினார், பிறகு மறுபடி திறந்தார். பாவமாகத்தான் கேட்டார்.

"எவ்வளவு நாளா உங்ககிட்ட இருக்கும்மா?"

"அம்மா" என்றாள் சரிதா. "ஒண்ணும் சொல்லாத."

ஆனால் விஜயாவுக்கு இனி சொல்லாமலிருப்பதுதான் தப்பு என்று பட்டது. பாலகுமாரோடு சேர்த்துவிடுவார்கள், யாரிடம் வாங்கினாய் என்று தோண்டுவார்கள் என்று மகள் பயந்தாளே, அந்தப் பயத்தையாவது இப்போதே தீர்த்துவிட வேண்டும். அவள் எழுந்து நின்றாள். ஓட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இது பாலகுமாரு புடிச்சது இல்லீங்கம்மா. இந்தக் காட்டுது கெடையாது. இங்க ஒரு சீவனையும் நாங்க தொட்டது இல்ல. யாருகிட்டயும் வாங்கவும் இல்ல. என் புள்ளைக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நான்தான் தச்சேன். இது எங்கம்மா எனக்குக் கட்டுனது. பதுளையில இருந்து நான் கப்பல்ல கொண்டாந்தது. தலைமன்னார் கஸ்டம்ஸ்ல அவங்களே பாத்து விட்டதுங்க. சத்தியமா சிலோன்ல இருந்து வந்தது."

ஸ்ரீமதி நிமிர்ந்தார். "அப்போ வேற நாட்டுல இருந்து கொண்டுவந்ததா?"

"ஆமாங்க" என்றாள் விஜயா. ஒருவழியாகப் புரிந்துகொண்டார்களே என்று அவளுக்கு மூச்சு வந்தது. "வேற நாட்டுதுங்க."

நாற்காலியில் சரிதா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஸ்ரீமதி எழுதிக்கொண்டிருந்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, வெளிநாட்டுக் கடத்தலுக்கென்று இருந்த வேறு ஒன்றை எடுத்தார். விஜயா ஓட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து நின்றாள். தான் இவ்வளவு சரியாகச் சொன்னதில் எது தப்பு என்று தெரியாமல், மகள் கையை எடுப்பதற்காகக் காத்திருந்தாள்.